தண்ணிக்குள்ள ஒரு மீட்டர்: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல, கிட் எதுவும் வாங்காம பைப்பு, ஃபைபர், மோட்டார்னு எல்லாத்தையும் நாமளே சேர்த்து ரிமோட் நீர்மூழ்கி மாடல் செய்யறதப் பத்தி ரெண்டு பக்கம் எழுதியிருந்தேன். அதுக்கு வந்த கேள்விங்க குவிஞ்சு கெடக்கு. ஒரே கேள்விய பல பேர் கேட்டிருந்தா ஒருத்தரோடத மட்டும் எடுத்துக்கிட்டேன். "எவ்ளோ சார் செலவாகும்"னு மட்டும் கேட்டவங்களுக்கு கடைசிப் பக்கத்துல பதில் இருக்கு, நடுவுல இருக்கறத தாண்டிட்டு ஓடிடாதீங்க.

அண்ணா, மூணாவது வருஷம் மெக்கானிக்கல் படிக்கறேன். விசாகப்பட்டினம் பீச்சுல ஐஎன்எஸ் குர்சுரா நீர்மூழ்கி உள்ள போய் பாத்ததுலருந்து அதையே மாடலா செய்யணும்னு ஆசை. வெளி பாடிய 3டி பிரிண்ட் எடுக்க ஃபைல் ரெடி. அடுத்து என்ன வாங்கறது?
– கல்லூரி மாணவர், கொளத்தூர்

கோவிச்சுக்காதீங்க தம்பி, பிரிண்டர மொதல்ல ஆஃப் பண்ணுங்க. இதுல இறங்கற நெறைய பேரு வெளி உடம்ப அழகா முடிச்சு, பெயின்ட் அடிச்சு, நம்பர் எல்லாம் ஒட்டிட்டு, அப்புறம் உள்ள சாமான் வெக்க எடம் இல்லாம ஷோகேஸ்ல தூக்கி வெச்சிடறாங்க. நீர்மூழ்கி மாடல்னா அது தண்ணி புகாத ஒரு குழாய், அந்தக் குழாய்க்குள்ளதான் பேட்டரி, மோட்டார், சர்வோ (சுக்கான திருப்பற குட்டி மோட்டார்), ரிசீவர் (ரிமோட் சிக்னல வாங்கற போர்டு), முழுகறதுக்கு ரொப்பற தண்ணி டேங்க் எல்லாம், மேல போர்த்தற உடம்புக்குள்ள தண்ணி பாட்டுக்கு வரும் போகும், அத யாரும் தடுக்கறதில்ல. அதனால குழாய முடிச்சு, பக்கெட்டுல ராத்திரி முழுக்க அமுக்கி வெச்சு, காலைல காய்ஞ்சு இருக்குதான்னு பாத்த பிறகுதான் உடம்பப் பத்தி யோசிக்கணும்.

இப்ப குர்சுராவுக்கு வரேன். 1969 டிசம்பர்ல நம்ம கடற்படையில சேர்ந்து 2001ல ஓய்வு வாங்கி, 2002லருந்து கரையில மியூசியமா நிக்கற கப்பல், தரையில நிக்கறதால பின்னாடி இருக்கற ப்ரொபெல்லர், சுக்கான், மூழ்கு இறக்கை எல்லாம் பக்கத்துல நின்னு போட்டோ எடுக்கலாம், அந்த வகையில மாடல்காரனுக்கு வரப்பிரசாதம். ஆனா மொத மாடலுக்கு அது வேண்டாம். நீளம் 91 மீட்டர் சொச்சம், ஆனா ஒல்லி. 96ல ஒண்ணு ஸ்கேல்ல செஞ்சா 95 சென்டிமீட்டர் நீளம் வரும், அகலம் 8 சென்டிமீட்டர்கூட வராது. அதுக்குள்ள 63 எம்எம் குழாய நுழைச்சுட்டு சாமான எங்க வெப்பீங்க? போதாக்குறைக்கு அதுக்கு மூணு ஷாஃப்ட் (ப்ரொபெல்லர சுத்தற கம்பி), மூணு ஷாஃப்ட்னா தண்ணி உள்ள வர மூணு வாசல்.

நான் சொல்றது, சிந்துகோஷ் வகை, அதாவது ரஷ்யாவோட கிலோ கிளாஸ். 72.6 மீட்டர் நீளம், 9.9 மீட்டர் அகலம், நல்லா குண்டு, ஒரே ஒரு ஷாஃப்ட். 72ல ஒண்ணு ஸ்கேல்ல போட்டா ஒரு மீட்டர் நீளம், அகலம் 13.75 சென்டிமீட்டர். இந்த எடத்துல ஒரு லக்கி விஷயம் இருக்கு, விவசாய பம்புசெட்டுக்குப் போடற பிவிசி பைப்புல 140 எம்எம் சைஸ் உண்டு, நடு உடம்புக்கு அதுவே கிட்டத்தட்ட அளவெடுத்து தெச்ச மாதிரி உக்காந்துக்கும். மூக்கும் வாலும் மட்டும் ஃபைபர்லயோ உங்க பிரிண்டர்லயோ எடுத்துக்கலாம், மேல்தளத்துக்கு தட்டையா ஒரு பட்டை தனியா கட்டிக்கணும். உள்ள 90 எம்எம் குழாய் கால நீட்டி படுத்துக்கும்.

குழாய் கண்ணாடி மாதிரி இருக்கற அக்ரிலிக்ல வாங்குங்க, சொட்டுத் தண்ணி உள்ள வந்தாலும் கண்ணுல படும். பாரிமுனைப் பக்கம் தேடினா கெடைக்கும், ஆனா நீங்க கேக்கற சைஸ் இருக்காது, அவங்ககிட்ட இருக்கற சைஸ்தான் இருக்கும். அதனால குழாய வாங்கி, வெர்னியர வெச்சு நாலு எடத்துல உள் விட்டம் பாத்து (அக்ரிலிக் குழாய் எல்லாம் லேசா முட்டை வடிவத்துலதான் வரும்), அப்புறம் லேத்துக்குப் போய் ரெண்டு முனைக்கும் மூடி கடையச் சொல்லுங்க. மூடிய மொதல்ல கடைஞ்சுட்டு அதுக்கேத்த குழாயத் தேடி அலையாதீங்க. தொடைக்கறதுக்கு சோப்புத் தண்ணி மட்டும்தான், தின்னர், பெட்ரோல், அசிட்டோன் எதுவும் கிட்ட வரக்கூடாது, அக்ரிலிக் பொடிப்பொடியா விரிசல் விட்டுடும்.

மூடிய ஏனோதானோன்னு ஒட்டிட்டா போதும்னு நெனைக்கறவங்களுக்கு ஒரு கணக்கு சொல்றேன். ஒரு மீட்டர் ஆழத்துல ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர்லயும் 100 கிராம் அழுத்தம். 90 எம்எம் மூடின்னா பரப்பு கிட்டத்தட்ட 64 சதுர சென்டிமீட்டர், ஆக ஆறே கால் கிலோவுக்கு மேல ஒரு கை உள்ளாற தள்ளிக்கிட்டே இருக்கு. மூணு மீட்டர்னா 19 கிலோ.

சார், ட்ரோனுக்கு வாங்கின 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிமோட்டையே மாட்டினேன். மேல ஓடறப்ப சூப்பரா ஓடுது, முழுகின அடுத்த செகண்டு சிக்னல் கட். ஆன்டெனா மாத்தினா சரியாகுமா?
– வங்கி ஊழியர், மடிப்பாக்கம்

எந்த ஆன்டெனா போட்டாலும் ஆகாது சார். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை நல்ல தண்ணியிலயே சில சென்டிமீட்டர்ல செத்துடும். நம்ம வீட்டு மைக்ரோவேவ் அடுப்பு 2.45 கிகாஹெர்ட்ஸ்லதான் வேலை செய்யுது, அதாவது அந்த அலைய தண்ணி நல்லா குடிக்கும், குடிச்சு சூடாகும், அதான் நமக்கு சாப்பாடு சுடுது. அதே குணம்தான் உங்க கப்பலுக்கு எமன்.

ஃப்ரீக்வென்சி கீழ போகப் போக தண்ணிக்குள்ள எறங்கும். வெளிநாட்டுல நீர்மூழ்கி மாடல்காரங்க இன்னும் 40, 72, 75 மெகாஹெர்ட்ஸ்னு பழைய எஃப்எம் ரிமோட்டுகள கட்டிக்கிட்டு அழறதுக்கு காரணம் அதுதான், புதுசு வாங்க காசில்லாம இல்ல. நம்ம ஊர்ல 26.957லருந்து 27.283 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் லைசென்ஸ் இல்லாம, 5 வாட்டுக்குள்ள, பயன்படுத்திக்கலாம், அதனால 27 மெகாஹெர்ட்ஸ் செட்டுதான் நமக்கு. ரிச்சி தெருவுல புதுசா கேட்டா முழிப்பாங்க. பழைய பெரிய சைஸ் ரிமோட் கார், ரிமோட் போட், நீளமா இழுக்கற ஆன்டெனா வெச்சது எங்கயாவது பரண்ல கெடந்தா அதுல இருக்கற டிரான்ஸ்மிட்டர், ரிசீவர் ரெண்டையும் கழட்டி எடுங்க. ரிசீவர்ல தொங்கற ஆன்டெனா வயர வெட்டாதீங்க, அது கணக்குப் பண்ணி விட்ட நீளம். வயர குழாய்க்கு வெளிய கொண்டுவந்து உடம்புக்குள்ளயே நீளவாக்குல ஓட்டி விடலாம், நுனியில செம்பு தெரியாம அரால்டைட் ஒரு பொட்டு வெச்சு மூடிடுங்க.

27 கெடைக்கவே இல்லன்னா இன்னொரு வழி, உங்க 2.4 ரிசீவரோட ஆன்டெனாவ கோஆக்ஸ் வயர்ல நீட்டி ஒரு சின்ன மிதவையில மேல விட்டுட்டு இழுத்துக்கிட்டு ஓட்டறது. பாக்க அழகா இருக்காது. ஆனா கப்பல் எங்க இருக்குன்னு மிதவை காட்டிக் குடுத்துரும், மொத மாசம் அது ஒரு வகையில நல்லதுதான்.

இதெல்லாம் நல்ல தண்ணிக்கு. கடல் தண்ணி வேற உலகம். உப்பு இருக்கறதால மின்சாரம் கடத்தும், ரேடியோ அலைய முழுங்கிடும், 27 மெகாஹெர்ட்ஸே அஞ்சு சென்டிமீட்டர் எறங்கறதுக்குள்ள மூணுல ஒரு பங்காயிடும், அடுத்த அஞ்சுல அதுலயும் மூணுல ஒரு பங்கு. அப்போ நெஜ நீர்மூழ்கிக்கு எப்படி சேதி போகுதுன்னா, நம்ம திருநெல்வேலி பக்கம் விஜயநாராயணத்துல ஐஎன்எஸ் கட்டபொம்மன்னு கடற்படைத் தளம் இருக்கு, 1990ல ஆரம்பிச்சது, அங்க ரொம்ப உசரமான டவருங்கள நட்டு, கிலோஹெர்ட்ஸ் கணக்குல ரொம்பக் கீழான ஃப்ரீக்வென்சியில அனுப்பறாங்க. அந்த அளவுக்கு எறங்கினாத்தான் கடலுக்குள்ள சில மீட்டர் ஆழத்துல கேக்கும். அதுவும் ஒரு பக்கம் பேச்சுதான், அவங்க சொல்லலாம், கப்பல் கேட்டுக்கலாம்.

முட்டுக்காட்டுல ஓட்டலாமா? இல்ல மெட்ராஸ்ல வேற எங்கதான் ஓட்டறது?
– திருவான்மியூர் வாசகர்

மேல சொன்னதுலயே பாதி பதில் வந்துடுச்சு. முட்டுக்காடு கழிமுகம், கடல் தண்ணி உள்ள வந்து போற எடம், உப்பு. முழுகினா உங்க பேச்ச கேக்காது. மெரினா, பெசன்ட் நகர், காசிமேடு பக்கம் சிக்னல் பிரச்சினை ஒரு பக்கம்னா, கறுப்பா குழாய் மாதிரி ஒண்ண கடலோரமா தண்ணிக்குள்ள விட்டுக்கிட்டு நின்னா போலீஸ்காரருக்கு நீங்க ஸ்கேல் மாடல் பத்தி பாடம் எடுத்துக்கிட்டு நிக்கணும். 2021 ட்ரோன் விதி பறக்கற சாமானுக்குத்தான், தண்ணிக்கு இல்லன்னு அந்த நேரத்துல சட்டம் பேசினா வேலைக்கு ஆகாது.

புழல், செம்பரம்பாக்கம் நம்ம குடிக்கற தண்ணி, அங்க கிரீஸ் போட்ட சாமான எறக்கறது தப்பு. கோயில் குளம் கோயிலோடது, அதுல தெப்பம் விடலாம், நம்மளோடது வேண்டாம். கல்குவாரி குட்டைங்கள பத்தி கொஞ்சம் அழுத்தியே சொல்றேன், தண்ணி பளிங்கு மாதிரி தெரியும், பாத்தா ஆசையா இருக்கும், ஆனா ஓரம் படி மாதிரி எறங்காது, செங்குத்தா விழும், கப்பல எடுக்க ஒரு கால் உள்ள வெச்சா அவ்ளோதான். அந்தப் பக்கமே போகாதீங்க.

நல்ல எடம்னா நீச்சல் குளம். ஓஎம்ஆர் பக்கம் அபார்ட்மென்ட்ல இருக்கற நண்பர் யாராவது ஒருத்தர் எல்லாருக்குமே இருப்பாங்க, அசோசியேஷன்ல கேட்டு, காலைல குளிக்க யாரும் வரதுக்கு முன்னாடி அரை மணி நேரம் வாங்கிக்குங்க. கிரீஸ நல்லா தொடைச்சுட்டு எறக்குங்க, தண்ணி மேல எண்ணெய்ப் படலம் நின்னா அடுத்த தடவ கேட் தொறக்க மாட்டாங்க. குளோரின் தண்ணியில ரேடியோ ஏரியில எறங்கற அளவு எறங்காது, ஆனா நாலு அஞ்சு அடிக்கு தாங்கும். முக்கியமான லாபம், கப்பல் உள்ள என்ன பண்ணுதுன்னு கண்ணால பாக்கலாம். ஏரித் தண்ணியில ஒரு அடிக்குக் கீழ ஒண்ணும் தெரியாது, அங்க போறதா இருந்தா கப்பல் முதுகுல நிக்கற கோபுரத்து மேல ஆரஞ்சு கலர்ல ஒரு பட்டையாவது அடிச்சுக்குங்க, ஸ்கேல் அழகு கெட்டா கெடட்டும்.

ஐசிஎஃப்ல ஃபிட்டரா இருந்து ரிட்டையர் ஆனவன். பேரனுக்காக ஆரம்பிச்சேன். ஷாஃப்ட் வெளிய வர எடத்துல ஆயில் சீல் போட்டா மோட்டார் திணறுது, எடுத்தா தண்ணி வருது. ஓ-ரிங் (ரப்பர் வளையம்) எப்படி போடறது?
– பெரம்பூர் வாசகர்

ஐயா, உங்களுக்கு நான் லேத் வேலை சொல்லிக் குடுக்கறது அதிகப்பிரசங்கித்தனம், ஆனாலும் கேட்டுட்டீங்க. ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்ல கெடைக்கற ஆயில் சீல் எல்லாம் வண்டி இன்ஜினுக்கு செஞ்சது, அதோட உதட்டுல ஸ்பிரிங் இருக்கும், நம்ம குட்டி மோட்டாருக்கு அந்தப் பிடி தாங்காது. மூடிக்கும் ஷாஃப்ட்டுக்கும் ஓ-ரிங் கணக்கு வேற வேற. நகராம நிக்கற மூடியில ரப்பர் தடிமன்ல அஞ்சுல ஒரு பங்கு நசுங்கற அளவுக்கு பள்ளம் எடுக்கலாம். சுத்தற ஷாஃப்ட்ல ரப்பர் லேசா தொட்டா போதும், நசுங்கவே கூடாதுன்னு வெச்சுக்குங்க, ஒரு மீட்டர் ரெண்டு மீட்டர் ஆழத்துக்கு அந்தத் தொடுதலே தண்ணிய நிறுத்திடும்.

பித்தளை டியூப்ல ரெண்டு முனையிலயும் புஷ் (ஷாஃப்ட்ட தாங்கற வளையம்) அடிச்சு, உள்பக்க புஷ்ஷுக்கு முன்னாடி ஓ-ரிங்குக்கு எடம் விட்டு, நடுவுல முழுக்க கிரீஸ அடைச்சுடுங்க. ஷாஃப்ட் ஸ்டெயின்லெஸ் கம்பி, உப்புத்தாள்ல தேச்சதோட விடாம மெட்டல் பாலிஷ் போட்டு கண்ணாடியா ஏத்துங்க, ஓ-ரிங் ஓடற எடத்துல ஒரு கோடு இருந்தாலும் அது வழியா தண்ணி நடந்து வரும். ரப்பர் நைட்ரைல்னா கிரீஸ் சிலிக்கான் கிரீஸ். ரப்பரும் சிலிக்கானா இருந்தா அதே கிரீஸ்ல ஊறி உப்பிக்கும், அத மட்டும் கடையில கேட்டு வாங்குங்க. ஓட்டிப் பாக்கறப்ப மோட்டார் வயர்ல மல்டிமீட்டர வெச்சு, சீல் இல்லாம எவ்ளோ ஆம்பியர், சீலோட எவ்ளோன்னு எழுதி வெச்சுக்குங்க, ரெண்டுக்கும் பெருசா வித்தியாசம் இருந்தா ஷாஃப்ட் நேரா நிக்கலன்னு அர்த்தம், சீல திட்டாதீங்க.

தொளையே வேண்டாம்னா காந்தம் இருக்கு. குழாய்க்கு உள்ள மோட்டார்ல ஒரு காந்த வட்டு, வெளிய ப்ரொபெல்லர் பக்கம் ஒரு வட்டு, நடுவுல மூடியோட சுவர். தொளையே இல்லாதப்ப தண்ணி எங்கருந்து வரும்? ஆனா திடீர்னு ரிவர்ஸ் போட்டா காந்தம் நழுவிடும், பேரன்கிட்ட சொல்லி வெக்கணும்.

டேங்க் எவ்ளோ பெருசா வெக்கணும்? நெஜ கப்பல்ல இருக்கற அளவ ஸ்கேல் பண்ணா ரெண்டு லிட்டர் வருது, அவ்ளோ எடமே இல்ல!
– ஆவடி வாசகி

ஸ்கேல் பண்ணவே பண்ணாதீங்க. நெஜ கப்பல் கணக்கு வேற, நம்ம கணக்கு வேற. நம்ம உடம்புக்குள்ளதான் ஏற்கனவே தண்ணி நெறைஞ்சிருக்கே, அது மிதக்கவும் இல்ல முழுகவும் இல்ல. மேல மிதக்கறப்ப தண்ணிக்கு வெளிய தெரியற பாகங்களோட திடப் பொருள், அதாவது ஃபைபரோட தடிமன், கோபுரத்தோட சுவர், குழாய் கொஞ்சம் வெளிய நின்னா அது, இவ்ளோதான் டேங்க் தூக்க வேண்டியது. ஒரு மீட்டர் நீள கிலோ கிளாஸ் மாடலுக்கு 300, 400 மில்லி போதும்.

இத ஊகிக்க வேண்டாம், அளந்துடலாம். மிதக்கற கோடு எங்க வரணுமோ அங்க உடம்ப சுத்தி டேப் ஒட்டுங்க. பெரிய டப்புல விளிம்பு வரைக்கும் தண்ணி ரொப்பி, அதுக்குக் கீழ ஒரு அகலத் தாம்பாளம். வெறும் உடம்ப தலைகீழா புடிச்சு, காத்து எங்கயும் மாட்டாம மெதுவா டேப் வரைக்கும் எறக்குங்க. வழிஞ்ச தண்ணிய அளவு ஜாடியில ஊத்திப் பாருங்க. அதுதான் உங்க டேங்க், பத்துல ஒரு பங்கு சேர்த்துக்குங்க. ஆர்க்கிமிடீஸ் கண்டுபுடிச்சு இரண்டாயிரம் வருஷத்துக்கு மேல ஆச்சு, இன்னும் இதவிட நல்ல முறை வரல.

டேங்க்ல என்ன வகைன்னு நெறைய பேர் கேட்டிருக்கீங்க. எனக்குப் புடிச்சது பிஸ்டன், பெரிய சிரிஞ்ச நெனைச்சுக்குங்க, மறை போட்ட கம்பிய ஒரு கியர் மோட்டார் சுத்தும், பிஸ்டன் பின்னாடி போனா தண்ணி உள்ள வரும், முன்னாடி வந்தா வெளிய போகும், ரெண்டு முனையிலயும் மைக்ரோ சுவிட்ச். பாதி டேங்க்ல நிறுத்தினாலும் உள்ள தண்ணி தளும்பாது, அதுதான் பெரிய விஷயம். ஒரு கணக்கு மட்டும் பாத்துக்கணும், 300 மில்லி தண்ணி உள்ள வந்தா பிஸ்டன் குழாய்க்குள்ள இருக்கற காத்த அந்த அளவுக்கு நசுக்குது. காலி எடம் ஒன்றரை லிட்டர் இருந்தா அழுத்தம் கால் பங்கு ஏறும், மோட்டார் அதுக்கு எதிரா இழுக்கணும். குழாய்க்குள்ள சாமான திணிச்சு எடமே இல்லாம பண்ணிட்டா பிஸ்டன் பாதியில நின்னுடும். நல்ல பக்கம் என்னன்னா மேல வரப்ப அதே காத்து பின்னாடிலருந்து தள்ளிவிடும்.

பணம் கம்மியா முடிக்கணும்னா மீன்தொட்டிக்கு மருந்து ஊத்தற பெரிஸ்டால்டிக் பம்பு, ஒரு மெத்துனு பை. நிமிஷத்துக்கு 100 மில்லி பம்புன்னா முழுகவே மூணு நிமிஷம் ஆகும். அவசரமில்லாத மனுஷங்களுக்கு சரி.

பக்கெட்டுல ராத்திரி முழுக்க வெச்சா ஒரு பொட்டு தண்ணி இல்ல. வெளிய எடுத்துட்டுப் போய் ஓட்டினா உள்ள ஈரம். பைத்தியம் புடிக்குது.
– அண்ணா நகர் வாசகர்

உங்க சீல் மேல பழி போடறதுக்கு முன்னாடி வெயில கவனிங்க. கறுப்பு உடம்ப மதிய வெயில்ல அரை மணி நேரம் குளத்தோரமா வெச்சா உள்ள காத்து 50 டிகிரிக்கு போயிடும். அப்படியே 28 டிகிரி தண்ணியில எறக்கினா காத்து சுருங்கும், கணக்குப் பண்ணா உள்ள அழுத்தம் ஏழு சதவீதம் கொறையும், அது முக்கால் மீட்டர் ஆழத்துக்கு கூடுதலா எறக்கினதுக்கு சமம். பக்கெட்டுல இந்த உறிஞ்சல் கெடையாது. அதனால கப்பல நெழல்ல வைங்க, எறக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவ மூடியத் தொறந்து மூடுங்க.

ரெண்டாவது, அது கசிவா வேர்வையான்னு பாக்கணும். நம்ம ஊர் காத்துல இருக்கற ஈரமும் குழாய்க்குள்ள சேர்ந்து மாட்டிக்குது, தண்ணியில குளுந்ததும் சுவர்ல பனி மாதிரி படியும். ஆனா அதுக்கு ஒரு எல்லை உண்டு. 35 டிகிரியில, 70 சதவீத ஈரப்பதத்துல, ரெண்டு லிட்டர் காத்துல இருக்கற மொத்த ஈரமும் சேர்ந்தா ஒரு சொட்டு, அவ்ளோதான். புது ஷூ டப்பாவுல வர சிலிக்கா ஜெல் பொட்டலம் ரெண்டு போட்டா அது போயிடும். ஒரு ஸ்பூன் தண்ணி நிக்குதுன்னா அது வேர்வை இல்ல, எங்கயோ வழி இருக்கு. டிஷ்யூ பேப்பர சின்னச்சின்னதா கிழிச்சு ஒவ்வொரு தொளைக்கும் கீழ ஒட்டிட்டு ஓட்டுங்க, எது மொதல்ல நனையுதோ அங்கதான் கோளாறு. பெரும்பாலும் சர்வோ கம்பி வெளிய வர ரப்பர் உறையாத்தான் இருக்கும், சுக்கான் திரும்பறப்ப மட்டும் கசியும், பக்கெட்டுல சும்மா கெடக்கறப்ப கசியாது.

என் பையன் பத்தாவது படிக்கறான். மாடலுக்கு ஃபைபர் உடம்பு செய்ய மொட்டை மாடியில ரெசின் ஊத்தறேன்னு நிக்கறான், வாசனை மண்டைய பொளக்குது. விடலாமா?
– ஒரு அம்மா, தாம்பரம்

தனியா விடாதீங்கம்மா. மாடல்ல எனக்கு பயம் இருக்கற ஒரே எடம் இதுதான், தண்ணியில்ல. பாலியெஸ்டர் ரெசின் வாங்கினா கூட ரெண்டு பாட்டில் குடுப்பாங்க, ஊதாக் கலர்ல இருக்கறது கோபால்ட், தண்ணி மாதிரி இருக்கறது ஹார்டனர். இந்த ரெண்டையும் நேரடியா ஒண்ணோட ஒண்ணு கலக்கவே கூடாது, வெடிக்கும். மொதல்ல ரெசின்ல ஊதா, நல்லா கலக்கி முடிச்ச பிறகுதான் ஹார்டனர். ஹார்டனர் ஒரு துளி கண்ணுல பட்டா பார்வைக்கே ஆபத்து, அதனால கண்ணாடி போடாம பாட்டில தொறக்கக் கூடாதுன்னு நீங்களே நின்னு பாத்துக்குங்க. துணி மாஸ்க்கு அந்த வாசனைக்கு ஒண்ணும் பண்ணாது, கரி ஃபில்டர் வெச்ச மாஸ்க்குதான் வேணும்.

நம்ம வெயில்ல ரெசின் சீக்கிரம் எறுகும். 100 கிராம் ரெசினுக்கு ஒரு கிராம் ஹார்டனரே போதும், காலைல வெயில் ஏறதுக்குள்ள, சின்னச்சின்ன கப்புல கலக்கச் சொல்லுங்க. கப்புல மிச்சம் நின்னுட்டா தானா கொதிச்சு பொகை வரும், அத உடனே மணல்ல கொட்டி பரப்பிடணும். இன்னொண்ணு, பையன் தெர்மாகோல்ல அச்சு செதுக்கி வெச்சிருந்தா அது மேல இந்த ரெசின ஊத்தினா அச்சு கரைஞ்சு காணாமப் போயிடும். அதுக்கு எப்பாக்சி வேணும், இல்ல மர அச்சு.

டேங்க் காலியா இருந்தா அழகா மிதக்குது. தண்ணி ஏத்தினா மூக்கு குத்திக்கிட்டு போகுது. சரி பண்ணி சமமா நிறுத்தினாலும் ஒரு அடி தாண்டினா தானா தரைக்கு போயிடுது. ஏன்?
– திருவல்லிக்கேணி வாசகர்

ரெண்டும் ரெண்டு நோய். மூக்கு குத்தறது டேங்க் நடுவுல இல்லாததால, டேங்கோட நடுப்புள்ளி கப்பலோட எடை நடுப்புள்ளிக்கு நேர் கீழயோ மேலயோ வரணும், முன்ன பின்ன ரெண்டு சென்டிமீட்டர் தள்ளினாலும் காட்டிக் குடுத்துடும். பம்பு டேங்க்னா உள்ள தண்ணி முன்னாடி ஓடி இன்னும் குத்தும்.

தானா கீழ போறது சுவாரசியமான விஷயம். கப்பல்ல எங்கயோ நசுங்கற சாமான் இருக்கு. உடம்போட மேல்தளத்துக்கு அடியில மாட்டிக்கிட்ட காத்துக் குமிழி, இல்ல மிதவைக்கு ஒட்டின மெதுவான ஃபோம். ஆழம் போகப்போக அது சுருங்கும், சுருங்கினா தூக்கற சக்தி கொறையும், இன்னும் கீழ போகும், இன்னும் சுருங்கும். அதனால மேல்தளத்துல அங்கங்க தொளை போட்டு காத்த விடுங்க, ஃபோம் கெட்டியான ரகமா, விரல் நகத்தால அமுக்கினா பள்ளம் விழாததா பாத்து வாங்குங்க.

சமப்படுத்தற வரிசையையும் நெறைய பேர் தலைகீழா பண்றாங்க. மொதல்ல டேங்க ரொப்பி, முழுகின நெலையில ஈயத்த சேர்த்து சேர்த்து, கோபுர நுனி மட்டும் ஒரு கட்டைவிரல் அளவு வெளிய தெரியற மாதிரி நிறுத்துங்க. ஈயம் எவ்ளோ அடியில போகுமோ அவ்ளோ அடியில, ஃபோம் அதுக்கு மேல, அப்பதான் முழுகினாலும் உருளாது. அதுக்கப்புறம் டேங்க காலி பண்ணி மிதக்கற கோட்ட பாருங்க. ஃபோம மிதக்கற கோட்டுக்கு ஒட்டி கீழயே வைங்க, கோட்டுக்கு மேல வெச்சா அது தண்ணிக்கு வெளிய சும்மா நிக்கும், அதையும் சேர்த்து முழுகடிக்க டேங்க் பெருசா வேணும். அந்தக் கட்டைவிரல் அளவ இறக்கைய சாய்ச்சு, வேகத்துல முழுகடிக்கலாம், வேகம் நின்னா தானா மேல வரும். ஓட்டறப்ப மூக்கு மேலயும் கீழயும் ஆடினா பின் இறக்கை சர்வோவுக்கு சாய்மானம் பாக்கற ஒரு சென்சார் போர்டு போடுங்க, கைய விட்டாலும் அதுவா நேராக்கிக்கும்.

சட்டுபுட்டுனு சில பதில்கள்

எம்டன் நீர்மூழ்கிதானே, அதையே செய்யலாமான்னு கேட்ட ஜார்ஜ் டவுன் வாசகருக்கு: இல்லங்க. 1914 செப்டம்பர் 22 ராத்திரி மெட்ராஸ்ல குண்டு போட்டு பர்மா ஆயில் டேங்க கொளுத்தினது மூணு பொகைபோக்கி வெச்ச, தண்ணி மேல ஓடற ஜெர்மன் க்ரூசர். தாராளமா செய்யுங்க, ஆனா அது முழுகினா மேல வராது.

செலவு: பிஸ்டன் டேங்க், நல்ல சர்வோ, லேத் கூலி எல்லாம் சேர்த்தா ஒரு நடுத்தர செல்ஃபோன் விலைக்கு வந்து நிக்கும், ஒரே நாள்ல கேக்காது, மாசாமாசம் கொஞ்சம் கொஞ்சமா புடுங்கும். வீட்டுல மொத்தத்தையும் கூட்டிச் சொல்லாதீங்க.

மெட்ரோவுல எடுத்துட்டுப் போகலாமா: குழாய், வயர், பேட்டரி, உள்ள மின்னற லைட்டு, இத ஸ்கேனர்ல விட்டுட்டு நின்னு பாக்கற தைரியம் உங்களுக்கு இருந்தா போங்க. நான் ஆட்டோ.

பேட்டரிய குழாய்க்குள்ளயே வெச்சு மூடி சார்ஜ் போடலாமான்னு மூணு பேர் கேட்டிருக்கீங்க: கூடாது. லித்தியமோ ஈய பேட்டரியோ, வெளிய எடுத்துத்தான் போடணும்.

கீழ போய் வரவே இல்லன்னா எப்படி எடுக்கறது? அத நெனைச்சாலே தண்ணியில விட மனசு வரல.
– போரூர் வாசகர்

வராம இருக்கறதுக்கு முன்னாடியே பண்ண வேண்டியது மூணு. ரிசீவர்ல சிக்னல் போனா டேங்க தானா காலி பண்ற மாதிரி ஃபெயில்சேஃப் வெச்சுக்குங்க, பேட்டரி வோல்டேஜ் எறங்கினாலும் அதே வேலைய செய்யணும். குழாயோட அடியில ரெண்டு உரிச்ச வயர பக்கத்துல பக்கத்துல ஒட்டி, தண்ணி பட்டா அதுவும் டேங்க காலி பண்ற மாதிரி. அப்புறம், டேங்க ரொப்பினாலும் கோபுர நுனி வெளிய தெரியணும்னு சொன்னேனே, அத விட்டுக் குடுக்காதீங்க, மோட்டார் நின்னாலே மேல வந்துடும்.

அப்படியும் பயமா இருந்தா, கோபுரத்துல மெல்லிசா தூண்டில் நரம்பு கட்டி, மறுமுனையில ஒரு தக்கை. நரம்பு குளத்தோட ஆழத்தவிட ரெண்டு மடங்கு நீளம் இருக்கட்டும், ப்ரொபெல்லர் பக்கம் போகாம முன்னாடி கட்டுங்க. உடம்புல உங்க ஃபோன் நம்பரையும் அழியாத மார்க்கர்ல எழுதி வைங்க, ஏரியில தொலைச்சா என்னைக்காவது மீன் புடிக்கறவர் யாராவது கூப்பிடுவார்.